மூத்தவன் பிரித்தான், இளையவன் எடுத்தான்

எங்கள் சைலீசியாவில் அண்ணனும் தம்பியும் சேர்ந்து ஆளுகிறார்கள் என்று சொன்னாலே ஜனங்கள் சிரிப்பார்கள். அக்கம்பக்கத்துக் கோமகன் வீடுகளில் ஒருவன் தம்பியைக் கோபுரத்தில் பூட்டினான், இன்னொருவன் ஞானஸ்நான விருந்துக்கு வந்த அண்ணனைப் பிடித்து விலங்கு மாட்டினான். எங்கள் வீட்டில் மட்டும் அப்பா கண்ணை மூடிய பிறகும் யாரோமிரும் விட்கோவும் தோப்ரோவ் கோட்டைக் கூடத்தில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வழக்குக் கேட்டார்கள். பெரியவன் யோசிப்பான். சின்னவன் தீர்ப்பை ஊருக்கே கேட்கிற மாதிரி சொல்வான். நடுவில் பிறந்த எனக்கு, ஓஃப்காவுக்கு, நாட்டில் பங்கு கிடையாது. மொராவியாவில் ஒரு பிரபுவுக்கு வாழ்க்கைப்பட்டு, அவர் போரில் போனதும் ஒரு பெட்டியும் ஒரு பெட்டைக் குதிரையுமாகத் திரும்பி வந்தவள் நான். பங்கு இல்லாதவளின் வாய்க்குப் பூட்டும் இல்லை. இரண்டு பேரையும் முகத்துக்கு நேரே திட்டுகிற உரிமை இந்த நாட்டில் எனக்கு மட்டும்தான் இருந்தது.

விட்கோவுக்குப் பெண் பேசியதில்தான் எல்லாம் ஆரம்பித்தது. தெற்கே பொஹீமிய ராஜா எங்களைப் போன்ற சின்னக் கோமகன்களை ஒவ்வொருவராகத் தன் காலடியில் மண்டியிட வைத்துக்கொண்டிருந்தார். எங்களுக்கு மேற்கில் ஒரு துணை வேண்டும். லுசாட்டியாவில் ஒரு கோமகனுக்கு யுட்டா என்று ஒரு மகள் இருந்தாள். ஈட்டிப் போட்டியில் விட்கோவைக் குதிரை கீழே தள்ளியபோது அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாளாம். அன்றிலிருந்து என் தம்பி சரியாகச் சாப்பிடவில்லை. சாப்பாட்டை விட்டு ஒரு நாளும் எழுந்திராதவன் அவன், அதனால் விஷயம் எவ்வளவு முற்றிவிட்டது என்று எங்களுக்குப் புரிந்தது. பெண்ணின் அப்பா சொல்லியனுப்பியது இதுதான்: பாதி பெஞ்சுக்கு என் பெண்ணைத் தர மாட்டேன், மாப்பிள்ளைக்குத் தனியாக ஒரு நாடு இருக்கட்டும். ஆகவே நாட்டைப் பிரிக்க வேண்டியதாயிற்று.

பிரிப்பதற்கு எங்களிடம் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவன் இரண்டாகப் பிரிப்பான், இளையவன் முதலில் எடுப்பான். பிரிக்கிறவன் சூது செய்யாமலிருக்க இதுவே போதும் என்று உங்களுக்குத் தோன்றும். எங்கள் முன்னோர் அதைவிடச் சந்தேகப் பிராணிகள். எந்தப் பாதி தனக்கு வேண்டும் என்று தம்பிக்குச் சொல்ல மாட்டேன், ஆள் விட்டும் சொல்ல மாட்டேன் என்று மூத்தவன் புனிதரின் எலும்பின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். இளையவன் எடுத்துவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளக் கூடாது. மாற்றினால் மூத்தவன் ஏய்த்தான் என்று ஆகிவிடும். ஆயர் அவனைத் திருச்சபையிலிருந்து தள்ளி வைப்பார், பிரபுக்கள் அவனைக் கைவிடுவார்கள். பங்கு பிரிந்த பிறகு ஒருவன் நாட்டில் மற்றவன், அவன் ஆளாகப் பதவி ஏற்காமல், குடும்பத்தோடு குடியிருக்கவும் கூடாது. கூடப் பிறந்த இரண்டு பேர் மனம்விட்டுப் பேசிக்கொள்வதைத் தடுக்க இத்தனை பாடு.

ஈஸ்டர் முடிந்து நாட்டை அளக்கக் குதிரை ஏறிய யாரோமிர் அறுவடை வரை இறங்கவில்லை. நானும் பல நாள் கூடப் போனேன். முதலில் நேர்மையாகத்தான் கோடு போட்டான். ஒரு பக்கம் தோப்ரோவ் நகரம், அதைச் சுற்றிக் கோதுமை வயல், உப்பு வண்டிகள் சுங்கம் கட்டிப் போகிற பாதை. இன்னொரு பக்கம் லிப்னா. அங்கே காடு, மீன் குளங்கள், தேன் எடுக்கிற குடும்பங்கள், மரத்தால் கட்டிய ஒரு கோட்டை, கல்லால் கட்டிய ஒரு சின்னக் கோவில். லிப்னாவை ஈடுகட்ட நல்ல கிராமங்களாகவும் வருமானங்களாகவும் பார்த்து அதனோடு சேர்த்திருந்தான். பிறகு வாரத்துக்கு ஒன்றாக அவை எல்லைக் கோட்டைத் தாண்டித் தோப்ரோவ் பக்கம் போக ஆரம்பித்தன. முதலில் மாவு மில்கள், அப்புறம் குதிரை வளர்க்கிற புல்வெளி, கடைசியில் நாணயம் அடிக்கிற உரிமையும் போயிற்று. லிப்னாவிடம் மரமும் தேனீயும்தான் மிஞ்சின. எங்கள் மூத்த பிரபு ஸ்டிபோர் என்னைத் தனியே அழைத்து, உங்கள் அண்ணனுக்கு யாராவது ஏதாவது செய்துவிட்டார்களா என்று கேட்டார். நான் தோளைக் குலுக்கிவிட்டு வந்தேன்.

எனக்குக் காரணம் தெரியும். லிப்னா கோவிலின் கல் தரைக்குக் கீழே மஹ்னா இருந்தாள். யாரோமிரின் மகள், ஒரே பிள்ளை. நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு பனிக்காலத்தில் காய்ச்சல் வந்து போய்விட்டாள். போகும்போது அவளுக்கு நாலு வயசு. அதன் பிறகு என் அண்ணி சலோமேயா லிப்னாவை விட்டு வெளியே வரவில்லை. தினமும் காலைப் பூசை முடிந்ததும் அந்தக் கல்லைச் சுற்றித் தானே பெருக்குவாள். பிறகு பக்கத்தில் உட்கார்ந்து நூல் நூற்றபடி வீட்டுச் சேதியெல்லாம் குழந்தைக்குச் சொல்வாள். செம்பழுப்புக் குதிரை குட்டி போட்டது, சமையல்காரன் முட்டைக்கோஸைத் தீய விட்டான், இப்படி. கோட்டையில் சிலர் அவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்றார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. அங்கே போகும்போதெல்லாம் நானும் இரண்டு வார்த்தை பேசிவிட்டுத்தான் வருவேன்.

யாரோமிர் சனிக்கிழமை தவறாமல் வேட்டைக்கு என்று சொல்லிக்கொண்டு லிப்னாவுக்குப் போவான். ஒரு முயலைக்கூடக் கொண்டு வந்ததில்லை. வலிக்கிற எதையும் விழுங்கிவிடுகிற ஜாதி அவன். குழந்தை போன குளிர்காலத்தில் விட்கோ பிராகாவில் பொஹீமிய ராஜாவின் விருந்தாளியாக இருந்தான். விருந்தாளி என்றால் பணயக் கைதி. திரும்பி வந்தவனிடம் யாரோமிர், "கொழந்தை போயிட்டாடா" என்று மட்டும் சொன்னான். அடுத்த மூச்சில் குதிரைக்கு லாடம் எப்படி இருக்கிறது என்று விசாரித்தான். அதன் பிறகு அந்தப் பெயர் அவன் வாயில் வரவில்லை. அண்ணனுக்கு வலிக்கக் கூடாது என்று விட்கோவும் அதை எடுக்கவில்லை. அதற்குப் பதிலாக இரண்டு மடங்கு ஜோக் அடித்தான். முட்டாள்கள். எனக்கு இரண்டு பேர் மேலும் உயிர், அதனால்தான் சொல்கிறேன்.

பங்கு எடுக்கிற நாளுக்கு முன்வாரம் நான் லிப்னா போயிருந்தேன். அண்ணி நூற்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஓஃப்கா, விட்கோ பெரிய பாதியத்தானே எடுப்பான்?"

"அண்ணி, அவன் தொட்டில்லேர்ந்தே பெரிய துண்டத்தான் எடுப்பான். வாத்துக் கறி வச்சா ரெண்டு காலும் அவனுக்குத்தான். நீங்க நிம்மதியா இருங்க."

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு, இதை அப்படியே கல்லைப் பார்த்துச் சொன்னாள். விட்கோவிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிவைக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. சொல்லியிருந்தாலும் யாரோமிர் ஆள் விட்டுச் சொன்னான் என்றுதான் ஆகியிருக்கும்.

நவம்பரில், புனித மார்ட்டின் திருநாளன்று கூடம் நிறையப் பிரபுக்கள். மேஜையில் இரண்டு மரக் கிண்ணங்கள். ஒன்றில் தோப்ரோவ் வயலிலிருந்து கோதுமைத் தாளோடு வெட்டிய மண், இன்னொன்றில் லிப்னாவின் பாசி படிந்த மண். எடுக்கிற கிண்ணம்தான் எடுக்கிற நாடு. பெண் வீட்டுத் தூதராக டீட்மார் என்ற வீரர் வந்து, முன் வரிசையில் சூடான பீரோடு உட்கார்ந்திருந்தார். யாரோமிர் எழுந்து இரண்டு பாதிகளையும் சொன்னான். தோப்ரோவின் பங்கு நீண்டுகொண்டே போனதைக் கேட்டு டீட்மாரின் முகம் மலர்ந்துகொண்டே போனது. லிப்னாவின் பங்கு இரண்டு மூச்சில் முடிந்துவிட்டது.

விட்கோ எழுந்து மேஜைக்கு வந்தான். கிண்ணங்களைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான். யாரோமிர் சத்தியத்துக்குப் பயந்து கூரை உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான். என் தம்பி பாசி மண் கிண்ணத்தை இரண்டு கையாலும் தூக்கினான்.

"எனக்கு லிப்னா," என்றான். "எங்க அண்ணன் என்னை விவரம் கெட்டவன்னு நெனச்சுட்டாரு. எல்லாத்தையும் ஒரு பக்கமா வாரிக் கொட்டிட்டு, காட்டை நான் வச்சுக்கிறேன்னு நிக்கிறாரு. இவ்வளவு நாள் அவர் விட்டுக் கொடுத்து நான் தின்னது போதும். தோப்ரோவ் அண்ணனுக்கு."

பிரபுக்கள் மேஜையைத் தட்டினார்கள். ஸ்டிபோர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அண்ணனும் தம்பியும் பிடுங்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறார்கள், அண்ணனுக்குத் தம்பி நாட்டைத் தூக்கிக் கொடுத்ததை யாரும் பார்த்ததில்லை. யாரோமிர் வழக்கப்படி தம்பியின் இரண்டு கன்னத்திலும் முத்தமிட்டு, "அப்படியே ஆகட்டும்" என்றான். அவன் உதட்டில் ரத்தமே இல்லை. உடனே வெளியே போய்க் குதிரையைக் கேட்டான். கட்டியவளிடம் தானே சொல்ல வேண்டும் என்று கிளம்பிவிட்டான்.

டீட்மார் பீர்க் குவளையைக் கீழே வைத்தார். தன் பிரபு மகளைத் தேனீக்களுக்குக் கட்டிக் கொடுக்க ஒப்புக்கொள்வார் என்று தனக்குத் தோன்றவில்லை என்றார். விட்கோ தலையை ஆட்டினான். "தெரியும்யா. தெரிஞ்சுதான் எடுத்தேன்," என்றான். அவன் அவ்வளவு மெதுவாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

மாடிப்படியில் அவனைப் பிடித்தேன். என்னடா இப்படிச் செய்தாய் என்று கேட்டதும், பாராட்டப் போகிறேன் என்று நினைத்து மடமடவென்று பேச ஆரம்பித்தான்.

"அண்ணியை அந்த இருட்டுக் காட்டுலேர்ந்து வெளிய கொண்டு வர வேணாமாக்கா? அந்த எடம்தான் அவங்கள விடாம புடிச்சு வச்சிருக்கு. அண்ணன் அங்க போயிட்டு வர்றப்பல்லாம் மூஞ்சியப் பாத்திருக்கியா? இப்ப லிப்னா என்னோடது. அவங்க ரெண்டு பேரும் டவுன்ல நாலு மனுஷங்க நடுவுல இருக்கட்டும். கொஞ்ச நாள்ல சரியாயிடும்."

நான் அவன் காதைப் பிடித்துத் திருகினேன். இருபத்தாறு வயசுக் கோமகன், வலிக்கிறது என்று முனகினான்.

"மஹ்னா அங்கதான்டா இருக்கா."

"தெரியுமே. கோவில்ல."

"அண்ணி தெனமும் அவகூடத்தான் பேசறாங்க. அண்ணன் வேட்டைக்குப் போகலடா. அவளப் பாக்கப் போறான். அவளுக்காகத்தான் அந்தப் பக்கத்துல ஒண்ணுமே இல்லாம பண்ணினான், நீ அதத் தொடக் கூடாதுன்னு."

விட்கோ படியில் உட்கார்ந்துவிட்டான். பாசி மண் கிண்ணம் இன்னும் அவன் கையில்தான் இருந்தது.

"ஏன்க்கா என்கிட்ட யாரும் சொல்லல?"

"அண்ணன் சத்தியம் பண்ணியிருக்கான்."

"அதுக்கு முன்னாடி நாலு வருஷம் சத்தியம் ஒண்ணும் இல்லையே."

அவன் பக்கத்தில் உட்கார்ந்து, திருகிய காதைத் தடவிவிட்டேன்.

பிறகு அவன் ஸ்டிபோரிடம் ஓடினான். மாற்றிக்கொள்கிறேன், பழி என் மேல் விழட்டும் என்றான். பழி மூத்தவன் மேல்தான் விழும் என்றார் ஸ்டிபோர். ஆயருக்கு ஆள் போவதற்குள் பொஹீமியாவுக்கு ஆள் போய்விடும், அண்ணனைப் பிரபுக்கள் கைவிட்ட நாட்டை விழுங்க ராஜாவுக்கு ஒரு காலைப்பொழுது போதும் என்றும் சொன்னார். அவர் சொன்னதில் தப்பில்லை. விட்கோ கூடத்துக்குக் குறுக்கும் நெடுக்குமாக நடந்தான். கடைசியில் நின்று, லிப்னாவுக்குத் தனக்குப் பிடித்த ஆளைக் கோட்டைத் தலைவனாக வைக்கத் தனக்கு உரிமை உண்டா என்று கேட்டான். உண்டு என்றார் அவர். அதே மாதிரி தோப்ரோவில் தன் இடத்தில் யாரை உட்கார வைத்து ஆளச் சொன்னாலும் அண்ணனுக்கு உரிமை உண்டா? அதுவும் உண்டு. சொல்லி முடித்த பிறகுதான் கிழவருக்கு உறைத்தது.

"பிரபு, கோட்டைத் தலைவனா வர்றவன் மண்டி போட்டு, ரெண்டு கையையும் உங்க கைக்குள்ள வைக்கணும். மூத்த கோமகன் தம்பி முன்னாடி மண்டி போட்டா பிராகா வரைக்கும் சிரிப்பாங்க."

"அண்ணன்கிட்டக் கேக்கறேன்," என்றான் விட்கோ.

யுட்டா விஷயத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் கதை முழுக்க அதையே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். டீட்மார் கோபமாகத்தான் ஊருக்குப் போனார். நடந்ததை அவர் சொல்லக் கேட்ட அந்தப் பெண் தன் அப்பாவிடம், மற்ற வீடுகளில் நாட்டைப் பிடுங்குகிறார்கள், இவர்கள் ஒருவர் மேல் ஒருவர் தள்ளிவிடுகிறார்கள், இவர்களை எந்த ராஜா வந்து பிரிப்பான் என்று கேட்டாளாம். அரசியல் தெரிந்த பெண். அப்பாவுக்கும் அப்படிப்பட்ட துணைதான் வேண்டியிருந்தது. தவக்காலத்துக்கு முன்னால் கல்யாணம் ஆயிற்று.

பங்கு எடுத்த மறுநாள் நானும் விட்கோவும் ஸ்டிபோரும் லிப்னா போய்ச் சேர்ந்தபோது வழியெல்லாம் முதல் பனி. முற்றத்தில் வண்டி நின்றது, பெட்டிகள் ஏறிக்கொண்டிருந்தன. யாரோமிர் சொன்னதும் அண்ணி அழவில்லையாம். எப்போது கிளம்ப வேண்டும் என்று மட்டும் கேட்டாளாம். அவள் கோவிலில் இருப்பதாகச் சொன்னார்கள்.

கதவருகே போனதும் நாங்கள் நின்றுவிட்டோம். உள்ளே சலோமேயா தேன் எடுப்பவன் மனைவி துரோஸ்தாவை அந்தக் கல்லுக்குப் பக்கத்தில் உட்கார வைத்திருந்தாள். எப்படிப் பெருக்க வேண்டும் என்று காட்டி முடித்துவிட்டாள் போலிருக்கிறது. இப்போது என்ன பேச வேண்டும் என்று சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கதையெல்லாம் வேண்டாம், அன்றன்றைக்கு நடந்தது போதும், குதிரைக் குட்டி பற்றிச் சொன்னால் பிடிக்கும், இடி இடித்தால் மட்டும் கொஞ்சம் கூட இருக்க வேண்டும் என்றாள். துரோஸ்தா கூச்சத்தோடு, முகம் சிவந்து, கல்லைப் பார்த்துச் சொல்லிப் பார்த்தாள். "இன்னைக்கு... இன்னைக்குப் பனி பெஞ்சுதும்மா." இன்னும் கொஞ்சம் மெதுவாகச் சொல்லு, அவள் சின்னப் பெண் என்றாள் அண்ணி. யாரோமிர் சுவரோரமாக நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தான். நானும் ஒரு பிள்ளையைப் பெற்றுப் பறிகொடுத்திருந்தால் அங்கேயே விழுந்திருப்பேன்.

விட்கோ தொப்பியைக் கழற்றிக்கொண்டு உள்ளே போனான். வழியெல்லாம் தயார் செய்துகொண்டு வந்த பேச்சு அவனுக்கு மறந்துவிட்டது. தட்டுத் தடுமாறித்தான் சொன்னான். அண்ணன் லிப்னாவின் கோட்டைத் தலைவனாக இங்கேயே இருக்கட்டும், நான் அண்ணனுடைய ஆளாகத் தோப்ரோவில் இருந்து பார்த்துக்கொள்கிறேன், யாருடைய பங்கும் மாறாது, சத்தியமும் உடையாது. ஆனால் மண்டி போட வேண்டியிருக்கும் அண்ணா என்றபோது அவன் குரல் உடைந்தது.

யாரோமிர் ஸ்டிபோரைப் பார்த்தான். கிழவர் தரையைப் பார்த்தார். சலோமேயாதான் முதலில் பேசினாள்.

"வேண்டாங்க. உங்க அப்பா ராஜா முன்னாடியே மண்டி போடாதவரு. எனக்காக நீங்க தலை குனிய வேண்டாம். நான் வண்டில ஏறிக்கறேன். துரோஸ்தா நல்லாத்தான் பேசறா."

யாரோமிர் வாளைக் கழற்றி ஸ்டிபோரிடம் கொடுத்தான். தம்பிக்கு முன்னால் வந்து, குளிர்ந்த கல் தரையில் இரண்டு முழங்காலையும் ஊன்றினான். கோமகன் நாற்காலியில் உட்கார்ந்து வாக்கு வாங்க வேண்டும் என்பது முறை. கோவில் பாதிரியார் தன் நாற்காலியை இழுத்துக் கொண்டு வந்தார். விட்கோ அதைத் தள்ளிவிட்டுத் தானும் தரையில் முழங்காலிட்டான். இரண்டு பேரின் தலையும் ஒரே உயரத்தில் இருந்தது. ஸ்டிபோர் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார், நான் அவர் காலை மிதித்தேன்.

விட்கோ அண்ணனின் கைகளைத் தன் கைகளுக்குள் வைத்துக்கொண்டு, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டான்.

"லிப்னாவில எதைக் காப்பேன்னு வாக்குக் குடுக்கிறீங்க?"

வாயிலை, மதிலை, களஞ்சியத்தை என்று சொல்ல வேண்டும். யாரோமிர் வாயைத் திறந்தான், மூடினான்.

"மஹ்னாவ," என்றான்.

நாலு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெயரை அவன் வாயால் கேட்டேன். சொன்னதும் அவன் தோள்கள் குலுங்க ஆரம்பித்தன. விட்கோ அவனை இழுத்துக் கட்டிக்கொண்டு, கோவில் முழுக்க எதிரொலிக்கிற மாதிரி அழுதான். மதிலையும் களஞ்சியத்தையும் பற்றி யாரும் கேட்கவில்லை. முற்றத்தில் வண்டிக்காரர்கள் அந்தச் சத்தத்தைக் கேட்டு வேலையை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

சலோமேயா துரோஸ்தாவை எழுப்பிவிட்டு, தன் பழைய இடத்தில் உட்கார்ந்து, கல்லின் மேல் கையை வைத்துக் குனிந்தாள்.

"உன் சித்தப்பா வந்திருக்காருடி," என்றாள். "அழறாரு. பயப்படாத, அவரு எதப் பண்ணினாலும் சத்தமாத்தான் பண்ணுவாரு."